இல்லத்து வெந்நீர்க் கலமும் அதன் காவலும்

வெந்நீரில் நீராடுதல் நம் நாட்டார்க்குப் புதிய வழக்கமன்று. நோயுற்றார்க்கும், பிள்ளை பெற்றார்க்கும், முதியோர்க்கும், கைக்குழந்தைகட்கும் அது இன்றியமையாதது என்பதை நம் பாட்டிமார் எந்நூலையும் பயிலாமலே அறிந்திருந்தனர். எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாளில் வெந்நீர் இல்லையேல் அது முழுக்காகவே கருதப்படுவதில்லை. ஆதலின் வெந்நீரின் நன்மையை எடுத்துரைத்தல் நம் நோக்கமன்று. அதனை நமக்குத் தரும் கலம் மாறிவிட்டது. கலம் மாறியதற்கேற்ப நம் பழக்கம் மாறவில்லை. அதனால் விளையக்கூடிய இடர் யாது, அவ்விடரைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம். பொருள் மிகச் சிறிதெனச் சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும், ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் விடியற்காலையில் இயங்குவதும், பிழைத்தால் உயிரையே கவரவல்லதுமான ஒரு கருவியைச் சிறிதென்று ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது.

முன்னாளில் வெந்நீர் காய்ச்சிய முறையை முதலில் நோக்குவோம். புறக்கடையில் கல் கூட்டி, தவலையோ அண்டாவோ ஏற்றி, சுள்ளியும் வறட்டியும் இட்டு எரித்தனர். பின்னர்ச் செப்புப் பாய்லர் வந்தது. நடுவே கரி எரியும் குழல், அதனைச் சுற்றி நீர், அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய் என்பன அதன் உறுப்புகள். இவ்விரு முறையிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கலத்தின் வாய் காற்றுக்குத் திறந்திருந்தது. அல்லது தளர்ந்த மூடியால் மூடப்பட்டிருந்தது. நீர் கொதித்தால் மூடி தடதடவென ஆடும். ஆவி புகைபோல் எழும். வீட்டார் விறகை இழுத்துவிடுவர். எத்துணை எரித்தாலும் நீர் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏற இயலாது. ஏறவேண்டிய வெப்பமெல்லாம் ஆவியாய்ப் போய்விடும். கலம் தன் நிலையைத் தானே கூறியது. வீட்டார் கண்ணும் காதும் அதற்குக் காவலாயிருந்தன.

இனி இந்நாளைய நிலையைக் காண்போம். கூவத்தின் கரையில், தேவாரப் பாடல் பெற்ற வேதபுரீசுவரர் கோயிலாலும் கருமாரியம்மன் கோயிலாலும் பெயர் பெற்ற திருவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் வயலும் தோப்பும் சூழ்ந்த சிற்றூராயிருந்த இவ்வூர், பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களைப் போலவே சென்னையின் வளர்ச்சியால் மாடிவீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதியாகிவிட்டது. புறக்கடையும் இல்லை, கரிப் பாய்லரும் இல்லை. குளியலறையின் சுவரிலோ, தலைக்குமேல் பரணிலோ மின்சாரத்தால் இயங்கும் வெந்நீர்க் கலம் ஒன்று மாட்டப்பட்டுள்ளது. மார்கழி விடியலில் கோயிலுக்குச் செல்வோர் ஒருவர்பின் ஒருவராய் நீராடுமளவும் அது இடைவிடாது காய்கின்றது. அதன் உள்ளே நிகழ்வதை எவரும் காண்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் காய்கிறதென்றும், அணைந்தால் காய்ந்துவிட்டதென்றும் அறிவதே வீட்டார் அறிவின் எல்லையாயுள்ளது.

இக்கலத்தை மக்கள் கீசர் என வழங்குகின்றனர். ஐஸ்லாந்து நாட்டில் கெய்சிர் என்னும் பெயருடைய வெந்நீரூற்று ஒன்றுண்டு. அதன் பெயரே உலகெங்கும் அவ்வகை ஊற்றுகட்கு வழங்கலாயிற்று. நிலத்தடியில் மேலுள்ள நீரின் பாரத்தால் அழுத்தப்பட்ட நீர், 100 டிகிரியைக் கடந்தும் கொதியாது நிற்கும். அழுத்தம் சற்றே தளர்ந்த கணத்தில் அது ஆவியாய் மாறி, மேலுள்ள நீரையெல்லாம் வானோக்கி வீசும். மூடிய கலத்தில் அளவிறந்து காய்ந்த நீர் என்ன செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். 15 லிட்டர் கொள்ளும் கலத்தில் 2000 வாட் ஆற்றலுள்ள கம்பிச்சுருள் இருப்பதாகக் கொள்க. 25 டிகிரியிலுள்ள நீர் 60 டிகிரியை எய்த ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். அவ்விடத்தே மின்சாரம் நிற்காவிடின், அதன்பின் 21 நிமிடத்தில் நீர் கொதிநிலையை அடையும். எனவே குளிர்ந்த நீர் கொதிப்பதற்கு முக்கால் மணி நேரமும் வேண்டா. கலம் இறுக மூடப்பட்டிருப்பின் நீர் கொதியாது, மேலும் மேலும் சூடேறும், அழுத்தமும் உடனேறும். காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஆறு மடங்கு அழுத்தம் சேருமாயின் நீர் ஏறத்தாழ 160 டிகிரி வரை நீராகவே நிற்கும். அந்நிலையில் கலம் பிளந்தால், நீரில் ஒன்பதில் ஒரு பங்கு அக்கணமே ஆவியாகும். அவ்வாவி 2000 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை நாடும். ஒரு சிறு குளியலறையில் இஃது என்ன விளைக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய இடர் நேராவண்ணம் பொறியாளர் மூன்று காவல்களை அமைத்துள்ளனர். முதலாவது தெர்மோஸ்டாட்டு. குறித்த வெப்பம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவதும், நீர் ஆறியதும் மீண்டும் விடுவதும் அதன் தொழில். இரண்டாவது கட்-அவுட்டு என்னும் வெப்பத் துண்டிப்பான். தெர்மோஸ்டாட்டு பழுதுற்று நீர் மிகையாகச் சூடேறுமாயின், இது மின்சாரத்தை அறவே துண்டிக்கும். மூன்றாவது காப்பு வால்வு. முதலிரு காவலும் தவறினால் இது திறந்து, மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும். இம்மூன்றாம் காவல் மிகப் பழமையானது. டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டளவில், எலும்பையும் மென்மையாக்கும் மூடிய வேகுகலம் ஒன்றை இயற்றியபோது, அது வெடியாமற் காக்க இத்தகைய வால்வையும் அதற்கு அமைத்தார். நம் அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கரின் எடைக்குண்டு அதன் வழித்தோன்றலே. குக்கர் சீறுவது கேட்டு எவரும் அஞ்சுவதில்லை; சீறாதிருந்தாலே அஞ்சுகின்றனர். வெந்நீர்க் கலத்தின் திறத்தில் நம் மக்கள் இதற்கு நேர்மாறாக ஒழுகுகின்றனர் என்பதே நாம் வருந்திக் கூறும் செய்தி.

அஃதெங்ஙனமெனிற் கூறுவோம். நீர் காய்ந்தால் விரியும். 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர் அளவு, மிகும். மாடித்தொட்டிக்குச் செல்லும் வழி திறந்திருப்பின் அந்நீர் அவ்வழியே மீளும். ஆனால் அழுத்தப் பம்பு வைத்த வீடுகளிலும், நீர் பின்னோக்கிச் செல்லாதவாறு ஒருவழி வால்வு பொருத்திய வீடுகளிலும் அவ்வழி அடைபட்டுள்ளது. ஆதலின் விரிந்த நீர் காப்பு வால்வின் வழியே சொட்டுச் சொட்டாய் வெளிவரும். இது பழுதன்று, வால்வு உயிரோடிருக்கின்றது என்பதற்கு அடையாளம். வீட்டாரோ இதனை ஒழுக்கென்று எண்ணிக் குழாய்க்காரரை அழைக்கின்றனர். அவரும் வினவாது வால்வின் வாயில் மரமுளையையோ திருகுமூடியையோ இட்டு அடைத்துக் கூலி பெற்றுச் செல்கின்றார். சொட்டு நின்றதென்று இல்லத்தில் மகிழ்ச்சி. அன்றே மூன்றாம் காவல் மடிந்தது என்பதை அறிவார் இலர்.

காற்றுக்குழாயின் கதியும் இதுவே. சில வீடுகளில் வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாயை மாடித்தொட்டிக்கு மேலே உயர்த்தி, அதன் வாயைத் திறந்தே விட்டிருப்பர். ஆவியும் மிகுந்த நீரும் வெளியேறுதற்கு அது வழி. மாடியில் தளம் புதுப்பிக்கும்போதோ, புதிய தொட்டி வைக்கும்போதோ, பயனற்ற குழாய் எனக் கருதி அதனை அறுத்து மூடிவிடுகின்றனர். இனித் தெர்மோஸ்டாட்டு அடிக்கடி நின்றுவிடுகின்றது என்னும் குறைக்கு, அதனை நீக்கிக் கம்பியை நேரே இணைத்துவிடும் மெக்கானிக்குகளும் உளர். துண்டிப்பான் அறுபட்டால் அறுபட்ட காரணத்தை நாடாது, அதனையும் தாண்டிக் கம்பி இடுகின்றனர். நோய் இருப்பதை அறிவித்தவன் நாவை அறுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நம் பகுதியின் நீரும் இவ்விடருக்குத் துணை செய்கின்றது. சென்னையின் மேற்குப் புறநகரில் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழும் இல்லங்கள் பல. நிலத்தடி நீர் பல இடங்களில் கடின நீராயுள்ளது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 வரை பொறுக்கத்தக்கதென்றும் இந்தியத் தர விதி கூறும். கடின நீரைக் காய்ச்சினால் அதிற் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, சுண்ணமாய்ப் படியும் என்பதை வேதியியல் பயிலும் நம் மாணவர் சோதனைச் சாலையிற் கண்டிருப்பர். அதே சுண்ணம் வெந்நீர்க் கலத்தின் கம்பிச்சுருளின்மேல் ஓடுபோற் படிகின்றது. ஓட்டின் உள்ளே சுருள் அளவிறந்து காய்கின்றது. வெளியே நீர் மெல்லவே சூடேறுகின்றது. தெர்மோஸ்டாட்டின் உணர்குழல்மேல் படிந்தால் அது நீரின் வெப்பத்தைக் காலந்தாழ்த்தே உணரும். காப்பு வால்வின் வாயிற் படிந்தால் வால்வு ஒட்டிக்கொண்டு திறவாது. ஒரே சுண்ணம் காவலர் மூவரையும் சோர்வுறச் செய்கின்றது. கலத்தின் உள்ளே துருவைத் தடுக்க வைத்த மக்னீசியத் தண்டும் ஆண்டுகள் செல்லக் கரைந்து தீர்ந்துவிடும். அதன்பின் கலத்தின் சுவரே அரிக்கப்படும். இவற்றை ஆண்டுக்கொருமுறை கழற்றித் தூய்மை செய்வோர் எத்துணையர்?

இத்தகைய கேடுகள் ஏட்டளவில் நிற்பனவல்ல. அமெரிக்க நாட்டு ஓக்லஹோமா மாநிலத்தில், ஸ்பென்சர் என்னும் ஊரிலுள்ள ஸ்டார் தொடக்கப் பள்ளியில் 1982-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் மதிய உணவு வேளையில், சமையற்கூடத்து வெந்நீர்க் கலம் வெடித்தது. சிறார் அறுவரும் ஆசிரியை ஒருவரும் மாண்டனர், பலர் காயமுற்றனர். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்புப் பழுதுற்றிருந்தது. காப்பு வால்வும் தன் தொழிலைச் செய்யவில்லை. இங்கிலாந்தில் டான்டன் நகரில் 2006-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வேறுவகை. அங்குத் தெர்மோஸ்டாட்டு பழுதுற்றதால் கலத்து நீர் கொதித்து, காற்றுக்குழாய் வழியே மேற்கூரையின் உட்புறத்திலிருந்த பிளாஸ்டிக்குத் தொட்டியிற் சென்று வீழ்ந்தது. தொட்டி இளகிச் சரிந்தது. கீழே தொட்டிலில் உறங்கிய பச்சிளங்குழந்தை ஒன்று கொதிநீரால் உயிரிழந்தது. முன்னதில் வழி அடைபட்டிருந்தது. பின்னதில் வழி திறந்திருந்தும் தெர்மோஸ்டாட்டு தவறியபோது மின்சாரத்தைத் துண்டிப்பார் இல்லை. ஒரு காவல் மற்றொரு காவலுக்கு ஈடாகாது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. நம் மாடிகளில் நிற்கும் தொட்டிகளும் பிளாஸ்டிக்கே என்பதை ஈண்டு நினைவுறுத்துகின்றோம்.

வெடித்தல் அரிது, சுடுதலோ அன்றாடம் நேரக்கூடியது. 1947-ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அறிஞர் இருவர், எத்துணைச் சூடு எத்துணை நேரத்தில் தோலைக் கெடுக்கும் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். 44 டிகிரியில் அதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். 49 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். 60 டிகிரியில் 5 விநாடியே போதும். இது முதிர்ந்தோர் தோலுக்குரிய கணக்கு. குழந்தைகளின் தோல் மெல்லியது. முதியோரோ விரைந்து விலகும் ஆற்றலற்றோர். நீரிழிவால் கால் மரத்தோர்க்குச் சுடுவதே தெரியாது. நம் இல்லங்களில் வாளியில் வெந்நீர் பிடித்து விளாவிக் குளிப்பதே வழக்கம். வெந்நீரை முதலிற் பிடித்துத் தண்ணீருக்குத் திரும்பும் அந்த அரை நிமிடத்தில், தவழும் குழந்தை வாளியைப் பற்றிக்கொண்டு எழ முயலும். ஆதலின் தண்ணீரை முதலில் விட்டு, பின்னரே வெந்நீரைச் சேர்த்தல் வேண்டும். காசு செலவில்லாத இவ்வொரு பழக்கம் எத்துணையோ கண்ணீரைத் தடுக்கும்.

இனி, நம் கருத்துக்கு மறுப்பாகக் கூறப்படுவன சிலவற்றை ஆராய்வோம். சூட்டையே குறைத்து வைத்துவிட்டால் எல்லா இடரும் நீங்குமே என்பர் சிலர். முற்றிலும் அன்று. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய நோயாற் கண்டறியப்பட்ட லெஜியோனெல்லா என்னும் கிருமி, இளவெந்நீரில் செழித்து வளர்வது. தேக்கிவைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருத்தல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது அதனாலேயே. எனவே கலத்தில் நீர் நன்கு காய்தல் வேண்டும். மேனியைத் தொடுமுன் அது தணிதல் வேண்டும். இங்கிலாந்தில் 2010 முதல் புதிய வீடுகளின் குளியல் தொட்டிக்கு வரும் நீர் 48 டிகிரியைக் கடவாதவாறு கலப்பு வால்வு பொருத்துமாறு விதித்திருப்பது இக்கருத்துப் பற்றியே. நம் வீடுகளில் வாளியே கலப்பு வால்வு. அதனை முறையறிந்து கையாளல் வேண்டும்.

நீரை விலைகொடுத்து வாங்கும் ஊரில் வால்வு சொட்ட விடுவது வீணன்றோ என்பர் வேறு சிலர். இது பொருளுடைய கேள்வியே. ஆயின் ஒருமுறை காய்வதற்குச் சொட்டுவது ஒரு டம்ளர் நீர். வால்வின் வாயிலிருந்து சிறு குழாயை வாளிக்கு இறக்கிவிட்டால் அந்நீரும் வீணாகாது. காயாதபோதும் ஓயாது ஒழுகுமாயின், நீரின் அழுத்தம் மிகுதி. அல்லது வால்வு தேய்ந்தது. அப்பொழுது வேண்டுவது புது வால்வு, அடைப்பு அன்று.

இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லையே என்பார்க்கு நாம் கூறுவது ஒன்றே. காவலர் மூவர் இருந்தமையால் நேரவில்லை. ஒருவரை நீக்கினும் மற்றிருவர் காத்தனர். மூவரும் நீங்கிய பின்னர்ப் பழைய ஆண்டுகளின் கணக்கு உதவாது.

சட்டம் இதற்கு என் செய்கின்றது? நீராவிக் கொதிகலங்களை ஆய்வாளர் பார்வையிட்டுச் சான்று அளித்தாலன்றி இயக்கலாகாது என்பது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலச் சட்டம் முதல், அதன் இடத்தில் 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் வரை தொடரும் நெறி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆலையொன்றில் கொதிகலம் இருக்குமாயின் அதற்கு ஆய்வாளர் உண்டு. பயின்ற இயக்குநர் உண்டு. அப்பேட்டையிலே பகலெல்லாம் உழைத்துத் திருவேற்காட்டுக்குத் திரும்பும் தொழிலாளியின் இல்லத்துக் கலத்திற்கு அவருள் ஒருவரும் இலர். அது நீராவிக்காக இயற்றப்பட்டதன்று ஆகலின் அச்சட்டத்துள் அடங்காது. ஐ.எஸ். 2082 என்னும் தர விதியும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கடையில் விற்குமளவும் காக்கும். மாட்டிய பின்னர் அதனைப் பார்ப்பவர் வீட்டார் அன்றி வேறிலர்.

வாடகைக்கு ஒற்றை அறையில் வாழ்வோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கலம் மாட்ட வசதியின்றி, வாளியில் ஹீட்டர் கம்பியை மாட்டிக் காய்ச்சுகின்றனர். அதற்குத் தெர்மோஸ்டாட்டும் இல்லை, துண்டிப்பானும் இல்லை. மறந்துவிட்டால் நீர் கொதித்து வற்றும், கம்பி செந்தணலாகும், பிளாஸ்டிக்கு வாளி உருகும். கம்பியை எடுக்காமலே நீரில் கைவைப்பதால் நேரும் மின்னதிர்ச்சி தனி இடர். அக்கம்பி சூடேறும்போது அருகிருத்தலும், மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொடுதலும் மீறலாகா நெறிகள்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. வீட்டார் ஆண்டுக்கொருமுறை, கார்த்திகை பிறக்குமுன், அறிந்த மெக்கானிக்கைக் கொண்டு சுண்ணத்தை நீக்கி, மூன்று காவலும் செவ்வனே உள்ளனவா எனக் காணல் வேண்டும். கலத்தை இயக்கிவிட்டு உறங்குதலும் வெளியிற் செல்லுதலும் கூடா. வாடகை வீட்டில் இச்செலவை ஏற்பது வீட்டுடையாரின் கடமை என்றே நாம் கருதுகின்றோம். குடியிருப்பவர் உயிர் வாடகையிற் சேர்ந்ததன்று. வீடு கட்டுவோர் காற்றுக்குழாயைச் செலவு மிச்சம் கருதி விடுதலாகாது. வெந்நீர் செல்லும் வழியில் சூட்டைத் தாங்காத சாதாரணப் பி.வி.சி. குழாயை இடுதலும் ஆகாது. நகர ஆட்சியினரும் குழாய் வேலை, மின் வேலை செய்வோர்க்கு இவ்விடரைக் கற்பிக்க ஏற்பாடு செய்வாராயின் அது பெரும் பணியாம்.

குழாயைத் திறந்ததும் ஆவி சீறினாலோ, கலம் இரைந்தாலோ, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அவ்விடத்தை விட்டு அகலல் வேண்டும், கலத்தைத் தொடலாகாது, ஆறிய பின்னர் அறிந்தவரை அழைத்தல் வேண்டும். ஒருவர்மேல் வெந்நீர் கொட்டிவிட்டால், ஓடும் தண்ணீரில் சுட்ட இடத்தை 20 நிமிடம் காட்டுவதே முதற்சிகிச்சை. பற்பசை, மை, மாவு முதலியவற்றைத் தடவுதல் தீங்கே விளைக்கும். காயம் பெரிதாயின் காலந்தாழ்த்தலாகாது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கே செல்லின், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்திற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

நம் கல்லூரி மாணவர்க்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். வெப்பத்தால் நீர் விரிவதையும், அழுத்தத்தால் கொதிநிலை உயர்வதையும், கடின நீர் சுண்ணத்தைப் படிவிப்பதையும் நீவிர் தேர்விற்கென எழுதினீர். அவை மூன்றும் உம் வீட்டுப் பரணின்மேல் ஒரு கலத்தினுள்ளே நாள்தோறும் நிகழ்கின்றன. இவ்விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அக்கலத்தை ஒருமுறை நிமிர்ந்து பாரும். காப்பு வால்வின் வாய் திறந்துள்ளதா? காற்றுக்குழாய் அடைபடாது உள்ளதா? இறுதியாக அதனைத் தூய்மை செய்தது எவ்வாண்டு? இம்மூன்று வினாக்களையும் வீட்டாரிடம் கேட்டு, விடை கிடையாதாயின் விடை காணுமளவும் விடாதிருப்பீராக. கற்ற கல்வியால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஊறின்றி வாழ்வாராயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறொன்று உண்டென்று நாம் எண்ணவில்லை.